நான் பரிந்துரைத்த புத்தகத்தை அப்பா வாசித்தார்

வாசிக்க ஒரு புத்தகம் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் நான் நாவல் சொல்வதில்லை, தன்வரலாறுதான் சொல்வேன். கணக்கு டீச்சருக்குக் கதை பிடிக்காது என்று பள்ளியில் கேலி செய்வார்கள். அப்படியில்லை. தன் வாழ்க்கையைத் தானே சொல்லும் ஒருவருக்கு எந்த இடத்தில் குரல் தடுமாறுகிறது, எதைச் சொல்லாமல் தாண்டிப் போகிறார் என்று கவனிப்பதில் எனக்கு ஒரு ருசி உண்டு.

மதுரையில் எங்கள் வாசகர் வட்டம் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடும். போன வருடம் ஒரு கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். மூன்று புத்தகங்களை எடுத்துப் போனேன். ஒன்று, பிரசவ வார்டிலேயே பணிக்காலத்தைக் கழித்த ஒரு நர்ஸ் எழுதியது. இன்னொன்று, கப்பலில் சமையல்காரராக இருந்தவர் எழுதியது. அதில் கடல் குறைவு, வெங்காயம் அதிகம், அதற்காகவே வாசிக்கலாம். மூன்றாவது, குடிகார அப்பாவைப் பற்றி ஒரு மகள் எழுதியது.

முதல் இரண்டையும் சீக்கிரம் முடித்துவிட்டு மூன்றாவதுக்கு வந்தேன். அப்பா என்று பார்த்து இந்த எழுத்தாளர் எதையும் மறைக்கவில்லை, இந்த நேர்மைக்காக எல்லோரும் இதை வாசிக்க வேண்டும் என்றேன். அங்கே நிறுத்தியிருக்கலாம். எதிரே இருந்தவர்கள் உன்னிப்பாகக் கேட்பதைப் பார்த்ததும் எனக்கு வேகம் வந்துவிட்டது. "எங்கள் வீட்டைச் சன்னல் வழியாகப் பார்த்து யாரோ எழுதியது போல இருந்தது" என்றேன். கைதட்டினார்கள்.

அப்போதுதான் கடைசி வரிசையில் அப்பாவைப் பார்த்தேன்.

அப்பா எழுமலையில் டிராக்டர் ஓட்டியவர். நான் பள்ளியில் படித்த காலம் முழுக்கக் குடித்தார். பிறகு ஒருமுறை ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்ததோடு விட்டுவிட்டார். மறுநாள் கண் பரிசோதனைக்காக மதுரைக்கு வருவதாக இருந்தவர், ஒருநாள் முன்னதாகவே பஸ் ஏறிவிட்டார். மகள் பேசுவதைக் கேட்கட்டுமே என்று என் கணவர் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டிலிருந்து அவரை நேரே அங்கே கூட்டி வந்திருக்கிறார். எப்போது வந்து உட்கார்ந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அப்பாவும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

டீ குடிக்கும்போது வட்டத்து நண்பர் ஒருவர் அவரிடம் போய், நீங்கள் டீச்சருக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அப்பா என்று அவர் சொன்னதும் அந்த நண்பர் முகத்தில் வந்த ஒரு நொடித் தயக்கத்தை நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்திருப்பார். வில்லாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்புமுன் அந்தப் புத்தகத்தை எடுத்து பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். நேர்மைக்காக எல்லோரும் வாசிக்க வேண்டும் என்று நான் மைக்கில் சொன்ன அதே புத்தகத்தை.

சாயங்காலம் திரும்பியபோது அப்பா புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு புத்தக அலமாரி முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"நேத்து நீ சொன்ன புத்தகத்தக் காணோமேத்தா."

யாருக்கோ கொடுத்திருக்கிறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. அவர் பார்க்கப் பார்க்கவே பீரோவைத் திறந்து சேலைகளைத் தூக்கி அதை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

எட்டாவது வரை படித்தவர். பேப்பரைத் தவிர எதையும் அவர் வாசித்து நான் பார்த்ததில்லை. வரிக்கு வரி விரல் வைத்து, சில பக்கங்களில் வெகுநேரம் நின்று, அந்த வாரம் முழுக்க வாசித்தார். ஊருக்குக் கிளம்பும் அன்று காலை, நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"அந்தாளு பிள்ளையோட பள்ளிக்கூடத்துக்குப் போயி விழுந்து கெடக்கான்ல. நானும் அப்படி வந்தனா? எனக்கு நெனப்பே இல்ல."

"இல்லப்பா," என்றேன். தோசையைத் திருப்பினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அந்தப் புத்தகத்தைத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

அவர் எதற்காக அதை வாசித்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் பேச்சுக்குக் கோபப்பட்டோ வருத்தப்பட்டோ அல்ல. தான் செய்தது என்னவென்று அவருக்கே தெரியவில்லை. அந்தப் புத்தகத்தில் தேடிப் பார்த்திருக்கிறார்.

ஊர் போய்ச் சேர்ந்து சில நாள் கழித்து போன் செய்தார். அம்மாவிடம் கேட்டாராம். பள்ளிக்கூடத்துக்குப் போனது உண்மைதான் என்று அம்மா சொல்லிவிட்டாளாம். "என்ன பண்ணேன், சொல்லுத்தா" என்றார்.

சொன்னேன். ஆண்டுவிழா. கட்டுரைப் போட்டிப் பரிசுக்கு மேடையில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். சட்டைப் பட்டன் எல்லாம் கழன்றபடி என் பேரைக் கூப்பிட்டுக்கொண்டே கூட்டத்துக்கு நடுவில் வந்து, மேடைக்குக் கீழே சரிந்து உட்கார்ந்துவிட்டார். இரண்டு சார்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். அதோடு நிறுத்தவில்லை நான். அடகுக்குப் போன அம்மாவின் தோடு, மழை நாளில் எங்களை வெளியே விட்டு உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அவர் தூங்கியது, நாங்கள் பக்கத்து வீட்டில் போய்ச் சாப்பிட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு உள்ளே சுகமாக இருந்தது. அவருக்காகச் சொல்கிறேன் என்று தொடங்கியவள், எந்த இடத்தில் எனக்காகச் சொல்லத் தொடங்கினேன் என்று தெரியவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் அந்தச் சுகத்துக்காகத்தான் அதிகம் கூசுகிறது.

எதிர்ப்பக்கம் "ம்" மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் முடித்தேன்.

"இம்புட்டையுமா உள்ளுக்குள்ள வச்சுக்கிட்டு இருந்த?" என்றார்.

பிறகு, வேறு புத்தகம் இருந்தால் கொடுத்துவிடு என்றார். எந்த மாதிரி வேண்டும் என்று கேட்டேன். "இப்படி உள்ளதச் சொல்றதாவே குடு."

நர்ஸ் எழுதியதை முதலில் அனுப்பினேன். மிகவும் பிடித்திருந்தது, அம்மாவுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டினார். கப்பல் சமையல்காரரைப் பாதியில் விட்டுவிட்டார். அவருக்கென்று ஒரு புத்தகத்தை எடுக்கும்போது இப்போதெல்லாம் முதலில் நான் மறுபடி முழுதாக ஒருமுறை வாசித்துப் பார்க்கிறேன். மேடையில் நான் பேசுவதைக் கேட்கிற யாருக்காகவும் அப்படிச் செய்ததில்லை.

அந்த மகள் எழுதியது மட்டும் திரும்பி வரவில்லை. பொங்கலுக்குப் போனபோது அம்மாவிடம் கேட்டேன். அப்பாவோடு டிராக்டர் ஓட்டியவர் ஒருவர் இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறாராம். படித்துப் பார் என்று அப்பா அதை அவரிடம் கொடுத்திருக்கிறார். "அவரு எங்க தொட்டாரு? அவரு பொண்டாட்டிதான் வாசிச்சுக்கிட்டு இருக்கு" என்றாள் அம்மா.