எடுத்துக் கொடுத்த வசனம்

எனக்கு மன்னிக்கிற குணம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னை நல்லவள் என்று நினைத்து யாரும் ஏமாற வேண்டாம். திருநெல்வேலியிலிருந்து வங்காளத்துக்கு மாற்றலாகி வந்து, டாலிகஞ்சில் குடியிருந்துகொண்டு, கார்டன் ரீச்சில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். போக வர பஸ்ஸில் படிப்பதற்காக மின்நூல் படிக்கிற கருவி ஒன்று வாங்கினேன். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். கறுப்பு வெள்ளை, கண்ணைக் கூசாது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஒரு பெரிய மனுஷரைப் பழிவாங்கினேன்.

அவர் இங்குள்ள எங்கள் தமிழ்ச் சங்கத்தின் நாடகச் செயலாளர். வங்கியில் அதிகாரி. லேக் மார்க்கெட் பக்கம் தாத்தா காலத்திலிருந்து இருக்கிற குடும்பம். பொங்கல் விழாவுக்கு வருஷா வருஷம் ஒரு நாடகம் போடுவோம். இந்தத் தடவை எழுத ஆளில்லை என்று புலம்பினார். நான் எழுதித் தருகிறேன் என்றேன். ஆபீஸ் போகிற வழியில் கிதிர்பூர் பாலத்தருகே பஸ் மாட்டிக்கொண்டால் நகரவே நகராது. அந்த நெரிசலில் உட்கார்ந்து போனில் தட்டித் தட்டி எழுதினேன். மகளிடம் ஓர் உண்மையை மறைத்துவிட்டுத் தவிக்கிற அப்பாவின் கதை. ஒவ்வொரு காட்சி முடிந்ததும் அவருக்கு வாட்ஸப்பில் போகும். "பேஷ், பேஷ்" என்று பதில் வரும்.

ஒருநாள் நாடகக் குழுவில் ஒரு பிடிஎஃப் வந்து விழுந்தது. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'எழுதி, இயக்கி, நடிப்பவர்' என்று அவர் பெயர். அது போதாதென்று ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அதே பெயர். நான் மேலும் கீழும் தேடினேன். எனக்கு ஒரு நன்றிகூட இல்லை.

அடுத்த ஒத்திகையில் நேராகவே கேட்டேன். "சார், இதை எழுதினது நான்ல?"

"அட, எல்லாரும் சேர்ந்து பண்றதுதானேம்மா. இதுல என் பேர், உன் பேர்னு என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லன்னா என் பேரப் போடுங்க."

சிரித்தார். "நீங்க குடுத்தது ஐடியா. நான் அதை நாடகமாக்கினேன்."

என்ன ஆக்கினார்? சில இடங்களில் 'அம்மா' என்று இருந்ததைத் 'தாயே' என்று மாற்றியிருந்தார். மகள் பேச வேண்டிய நல்ல வசனம் ஒன்றைப் பிடுங்கித் தனக்கு வைத்துக்கொண்டிருந்தார். இதுதான் அவர் ஆக்கியது. யார் காதில் பூச்சுற்றுகிறார்! அன்றைக்கே முடிவு செய்தேன், இந்த ஆளை விடப்போவதில்லை என்று.

இங்கே எங்கள் சங்கத்து வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் நாடகங்களில் யாரும் வசனத்தை மனப்பாடம் செய்ய மாட்டார்கள். பெரியவர்களுக்கு ஆபீஸ். சின்னதுகள் வங்காள மொழியில் வெளுத்துக் கட்டும், தமிழ் எழுத்தைப் பார்த்தால் முழிக்கும். அதனால் மேடையின் பக்கத்துத் திரைக்குப் பின்னால் ஓர் ஆள் நின்று, வசனத்தைத் துண்டு துண்டாக எடுத்துக் கொடுக்க வேண்டும். காதில் விழுகிற துண்டை அவர்கள் அப்படியே வாங்கி, கையைக் காலை ஆட்டிப் பேசுவார்கள். அர்த்தம் மண்டைக்குள் போவதற்கு முன்பே வாய் பேசிவிடும். போன வருஷம் எடுத்துக் கொடுத்தவர், அடைப்புக்குறிக்குள் இருந்த நடிப்புக் குறிப்பையும் சேர்த்துப் படித்துவிட்டார். ராஜா வேஷக்காரர் நெஞ்சை நிமிர்த்தி, "இருமிக்கொண்டே! மந்திரியாரே, வாரும்!" என்று கர்ஜித்தார். சபை விழுந்து விழுந்து சிரித்தது. அவருக்குக் கடைசிவரை காரணம் புரியவில்லை.

அந்த வேலையைத்தான் எனக்குக் கொடுத்தார் செயலாளர். "பேப்பர் வேண்டாம், சலசலப்பு மைக்ல கேக்கறது. போனும் வேண்டாம், வெளிச்சம் சபைக்குத் தெரியறது. உங்ககிட்டதான் அந்த ஸ்லேட் இருக்கே, அதுல பாத்துச் சொல்லிடுங்கோ."

என் நாடகத்தை எனக்கே கொடுத்து, திரைக்குப் பின்னால் நின்று படி என்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன்.

பிடிஎஃப்பைக் கருவியில் ஏற்றிப் பார்த்தேன். ஐயோ! ஆபீஸ் காகித அளவுப் பக்கம் முழுவதும் அந்தச் சின்னத் திரைக்குள் ஒடுங்கிவிட்டது. எழுத்தெல்லாம் எறும்பு. பெரிதாக்கினால் பாதி வரிதான் தெரிந்தது. மீதி வரிக்காக விரலால் இழுத்தால், திரை ஒருமுறை கறுத்து, வெளுத்து, யோசித்து, பிறகு வேறெங்கோ போய் நின்றது. மற்றப் புத்தகங்களில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தானே மடங்கிக்கொள்ளும். இதில் மடங்காது. ஏனென்றால் அந்த மனுஷர் அச்செடுத்து, அதை ஸ்கேன் செய்து, பக்கங்களை வெறும் படமாக்கி அனுப்பியிருந்தார்.

"டைப் பண்ணின ஃபைலையே அனுப்புங்க சார், படிக்க முடியல," என்றேன்.

"அதெல்லாம் காபிரைட் விஷயம்மா. வெளில போயிடக்கூடாது."

அடப்பாவி! என் வசனத்தை நான் திருடிவிடக் கூடாதாம். அந்த ஒரு சொல்லுக்காகவே அவரை நடுச்சபையில் நிறுத்த வேண்டும் என்று தோன்றியது.

வீட்டுக் கணினியில் உட்கார்ந்து வழி தேடினேன். பக்கத்தின் நாலு ஓரத்து வெள்ளையையும் வெட்டி எறிய ஒரு மென்பொருள் கிடைத்தது. ஓரத்தை வெட்டினால் எழுத்துக்கு இடம் கிடைக்கும். கருவியைப் படுக்கவைத்துப் பிடித்தால் முதலில் மேல் பாதி வரும், பொத்தானைத் தட்டினால் கீழ்ப் பாதி வரும். மேல் ஓரத்தை வெட்டும்போது அங்கே இருந்த அவர் பெயரும் சேர்ந்து போயிற்று. எல்லாப் பக்கத்திலும் போயிற்று. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஒவ்வொரு பக்கமாகத் தட்டித் தட்டி, பெயர் இல்லாததைப் பார்த்து ரசித்தேன்.

பஸ்ஸில் போக வர அதையே படித்ததில் நாடகம் முழுவதும் எனக்குத் தலைகீழ்ப் பாடமாகிவிட்டது. இதை யாரிடமும் சொல்லவில்லை. கருவியைப் பார்த்துத்தான் சொல்கிறேன் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

விழா நாள் வந்தது. நல்ல குளிர். முன்வரிசையில் மஃப்ளர்களும் குரங்குக் குல்லாய்களும். நடுவில் செயலாளரின் மனைவி, பட்டுப்புடவைமேல் சால்வை போர்த்திக்கொண்டு. நாடகம் தொடங்குவதற்கு முன் என்னிடம் வந்து, "ராத்திரியெல்லாம் கண் முழிச்சு எழுதினார் மாமி, பாவம்," என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள். பாவமாம்! என் வாயில் வந்ததை அடக்கிக்கொண்டேன்.

முதல் காட்சிகள் நன்றாகவே போயின. ஒழுங்காக எடுத்துக் கொடுத்தேன். கைதட்டல் வந்தபோதெல்லாம் அவர் மீசையை ஒதுக்கிக்கொண்டு சபையைப் பார்த்தார். கடைசிக் காட்சி வந்தது. அப்பா மகளிடம் உண்மையை ஒப்புக்கொள்கிற இடம். அவர் மேடை நடுவே வந்து நின்று, என் பக்கம் காதைத் திருப்பினார்.

நான் வாயைத் திறக்கவில்லை.

திரும்பிப் பார்த்தார். கருவியைத் தூக்கிக் காட்டி, பக்கம் நகரவில்லை என்று உதட்டைப் பிதுக்கினேன். அவர் திருதிருவென்று முழித்தார். தொண்டையைச் செருமினார். "மகளே..." என்றார். மறுபடியும், "மகளே..." மகள் வேஷம் போட்ட பெண் பாவம், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சபையில் சலசலப்பு. முன்வரிசையிலிருந்து அவர் மனைவியின் குரல் கணீரென்று வந்தது: "ஏன்னா, நீங்க எழுதினதுதானே? ஞாபகம் வரலியா?"

சிரிப்பு கிளம்பியது. அவர் முகத்தில் பவுடரையும் மீறி வேர்த்தது. "சொல்லுங்கோம்மா, சொல்லுங்கோ," என்று பல்லிடுக்கில் கெஞ்சினார். அப்போதுதான் ஆரம்பித்தேன்.

"உன்கிட்ட ஒண்ணு ஒத்துக்கணும்."

தண்ணீரைக் கண்ட மாதிரி பிடித்துக்கொண்டார். "உன்கிட்ட ஒண்ணு ஒத்துக்கணும்!"

"இத்தனை நாளா மறைச்சுட்டேன்."

"இத்தனை நாளா மறைச்சுட்டேன்!" குரல் தழுதழுத்தது. நன்றாகவே நடித்தார்.

"இந்த நாடகத்தை."

"இந்த நாடகத்தை!"

"எழுதினது நான் இல்ல."

"எழுதினது நான் இல்ல!" என்று இரண்டு கையையும் விரித்து முழங்கினார். அந்தக் கை இறங்கவில்லை. சொன்னது அப்போதுதான் மண்டைக்குள் போயிற்று.

சபை ஓவென்று சிரித்தது. நான் உடனே சரியான வசனத்தை எடுத்துக் கொடுத்தேன். மிச்சத்தைச் செத்த குரலில் சொல்லி முடித்தார். திரை விழுந்தது.

ஒப்பனை அறையில் மீசையை உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் மனைவி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவரிடம் போகவில்லை, என்னிடம் வந்தாள்.

"யார் மாமி எழுதினது?"

"நான்தான். போன்ல இருக்கு, பாக்கறீங்களா?"

அவள் போனைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். பிறகு மெல்லப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அப்போ ராத்திரியெல்லாம் அந்த ரூம்ல கதவைச் சாத்திண்டு என்னன்னா பண்ணினேள்?"

ஒட்டுமீசை பாதி உரிந்து தொங்க, அவர் பழக்கத்தில் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் கருவியை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.