மூச்சு விடுகிற ஆளைப் படம் எடுத்தது

படம் எடுக்கும் தொழிலில் தொந்தரவு தராத ஆள் செத்துப்போன ஆள்தான். காமிரா தூக்கிப் பிழைத்தவர்கள் இதை ஒப்புக்கொள்வீர்கள். அறுபதுகளில் நாமக்கல் பக்கம் எனக்கு ஸ்டூடியோ கிடையாது. பழைய பெட்டிக் காமிரா, மூன்று கால் ஸ்டாண்டு, கறுப்புத் துணி. எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவேன். கூப்பிடுவது எழவு வீட்டில்தான். இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, தாடையைத் துண்டால் கட்டி, மாலை போட்டு எடுப்பேன். கல்யாணத்துக்கு ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. யார் யார் கூப்பிடவில்லை என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்லுவேன்.

வாசலில் நின்ற பெட்டி

என் தங்கை மகள் சரசு அப்போது பதினொன்றாம் வகுப்பு, பள்ளிக்கூடம் முடிகிற வருஷம். பிரிவதற்கு முன்னால் கூடப் படிக்கும் பெண்கள் ஆளுக்கொரு படம் எடுத்து மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. புதுத் தாவணியோடு எடுத்துவிடலாம் என்று தீபாவளியன்றே காமிராவோடு போய் நின்றேன். தங்கை வீட்டுக்காரர், என் மாப்பிள்ளை, வாசலில் மறித்தார். உள்ளே ஏழெட்டுப் பேர் முறுக்கு தின்றுகொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "வாங்க மச்சான், பலகாரம் சாப்பிடுங்க. அந்தப் பொட்டி மட்டும் ஊட்டுக்குள்ள வேண்டாமுங்க. பொணம் பாத்த கண்ணுங்க அது."

சேலத்துப் படம்

பெட்டி வெயிலில் நிற்க, நான் முறுக்கைத் தொடாமல் திரும்பினேன். அவர் மகளை பஸ் ஏற்றிச் சேலத்துக்குக் கூட்டிப்போய், அரண்மனை வரைந்த திரை தொங்குகிற பெரிய ஸ்டூடியோவில் எடுத்தார்.

படம் வந்ததும் சரசு அதை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம்தான் வந்தாள். படத்தில், ஸ்டூடியோ விளக்கு வெளிச்சத்தில் கண் சொருகி, கழுத்து விறைத்து, கை இரண்டும் முழங்காலில் ஒட்டிக் கிடந்தன. எத்தனையோ எழவு எடுத்த எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. அவள் அழுகிற குரலில் சொன்னாள்: "மாலை ஒண்ணுதானுங்க மாமா கொறை."

கடலைக்காட்டில்

மாப்பிள்ளை சந்தைக்குப் போன நாளாகப் பார்த்துத் தங்கையே ஆள் அனுப்பினாள். ஐப்பசி மழை விட்டு நல்ல வெயில். கொல்லிமலை கழுவிவிட்ட மாதிரி தெரிந்தது. கடலை பிடுங்கிக்கொண்டிருந்த காட்டில் நாற்காலியைப் போட்டுச் சரசுவை உட்காரவைத்தேன். கையில் இருந்தது படம் பதிகிற கண்ணாடித் தகடு ஒரே ஒன்று. இதுவும் பிணம் மாதிரி வந்தால், உயிரோடு இருக்கும் ஒருத்தரும் அப்புறம் என் முன்னால் உட்காரப்போவதில்லை.

தகட்டைப் போட்டு எல்லாம் சரிபார்த்துவிட்டு, அவள் முகத்தை நிமிர்த்தப் போனேன். பழக்க தோஷம், தோளிலிருந்த துண்டை எடுத்து அவள் தாடையைக் கட்டப் போய்விட்டேன்! "மாமா, நான் இன்னும் சாகலீங்க!" என்று கத்தினாள். கத்தியவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அது அடங்குவதற்குள் துண்டைப் போட்டுவிட்டு ஓடி, லென்ஸ் மூடியை ஒரு நொடி கழற்றி, படத்தை எடுத்து மூடினேன். அவள் முகம் வாடிவிட்டது. "எடுத்துட்டீங்களா? நான் ஆடிட்டே இருந்தனேங்க!"

பெட்டி உள்ளே போனது

கழுவிப் பார்த்தால் படம் ஆடவில்லை. பின்னால் மலை, காற்றில் தாவணி, பல் தெரியச் சிரிப்பு; காலடியில் என் துண்டுகூட விழுந்து கிடந்தது. பார்த்தவர்கள் எல்லாம் அவள் சிரிப்புச் சத்தம் கேட்கிறது என்றார்கள். சேலத்துப் படம் அரிசிப் பானைக்குப் பின்னால் போயிற்று. அடுத்த வாரம் வகுப்புப் பெண்கள் அப்பன்மாரைக் கூட்டிக்கொண்டு என் வாசலுக்கு வந்தார்கள். அந்த அப்பன்மாரில் இரண்டு பேர் தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடாதவர்கள். முதலில் வந்திருந்தும் அவர்கள் வீட்டுப் பெண்களைக் கடைசியில்தான் எடுத்தேன்.

கார்த்திகையில் மாப்பிள்ளையே சொல்லி அனுப்பினார். நான் சைக்கிளை நிறுத்துவதற்குள் ஓடிவந்து, பெட்டியை அவிழ்த்துத் தன் தோளில் வைத்து வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போனார். தலையில் எண்ணெய், வெள்ளைச் சட்டை. கூடத்தில் அதை இறக்கிவைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "எனக்கும் ஒண்ணு எடுத்துருங்க மச்சான். உசுரோட இருக்கறப்பவே எடுத்துருங்க."

எடுத்தேன், ஆனால் உள்ளே வெளிச்சம் போதாது என்று சொல்லி, தீபாவளியன்று என் பெட்டி நின்ற அதே இடத்தில் அவரை உச்சி வெயிலில் நிறுத்தினேன், மூடியைத் திறக்கத்தான் எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.