சுத்தியல் உயரம்

ட்ரூடி நீமிக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஆனாலும் சைட்டில் அவளுக்குப் பேர் ‘பொடிசு’. அமெரிக்காவில் டுலூத் பக்கம் எலக்ட்ரீஷியன் யூனியனில் அப்ரண்டிஸாகச் சேர்ந்த முதல் வருஷம் எல்லாரும் பொடிசுதான். பேரன் பேத்தி எடுத்திருந்தாலும் தப்ப முடியாது. அவளுக்கு வேலை பழக்கும் சீனியர் கோல்பிக்கு இப்போதுதான் தாடி ஒழுங்காக முளைத்திருக்கிறது. “ஏ பொடிசு, வயரை இழு!” என்று அவன் அதட்டும்போதெல்லாம், பள்ளிக்கூடச் சமையலறையில் இவன் தட்டில் நாம்தானே மக்ரோனி போட்டோம் என்று அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

அந்தச் சமையலறையில் ஒருநாள் அடுப்புகள் மொத்தமாக அணைந்து, ரிப்பேருக்கு ஆள் வந்து மின்பெட்டியைத் திறந்தார். உள்ளே எட்டிப் பார்த்தவள்தான், பிடித்துக்கொண்டது பைத்தியம். விண்ணப்பம் போட்டு, கணக்குப் பரீட்சையில் ஒருமுறை கோட்டைவிட்டு, மறுபடி எழுதி உள்ளே வந்தாள். வந்தால் மட்டும் போதுமா? தகுதிகாண் காலம் முடியும் வியாழக்கிழமை கமிட்டி கூடும். இருக்கலாம் என்றால் இருக்கலாம். வேண்டாம் என்றால் பழைய கரண்டிதான். 

திங்கட்கிழமை ஏரிக்கரையில் ஒரு புது வீட்டு வேலை. கோல்பி முதன்முறையாக மாடி முழுவதையும் அவளிடமே விட்டான். “பிளக் பெட்டியெல்லாம் சுத்தியல் உயரத்துல அடிச்சிடு” என்று சொல்லிவிட்டுக் கீழே போனான். வீட்டு வேலை செய்பவர்கள் இதற்கு டேப் பிடிப்பதில்லை. சுத்தியலைத் தரையில் நட்டமாக நிறுத்து, அதன் தலையில் பெட்டியை வை, மரச்சட்டத்தில் அடி, அடுத்ததற்குப் போ. ட்ரூடி பாட்டு முணுமுணுத்தபடி அறை அறையாக அடித்துத் தள்ளினாள்.

மத்தியானம் மேலே வந்த கோல்பி வாசலிலேயே நின்றுவிட்டான்.

“என்ன பொடிசு, பெட்டியெல்லாம் எம்பி எம்பிக் குதிக்குது?”

தன் சுத்தியலை ஒரு பெட்டிக்குக் கீழே நிறுத்தினான். நடுவில் நாலு விரல் இடைவெளி. ட்ரூடியின் கையில் இருந்தது கூரை வேலைக்காரரான அவள் அண்ணன் கொடுத்த சுத்தியல். காம்பு நீளமோ நீளம்.

“அடக் கடவுளே!” ட்ரூடி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“கத்தாதே. நாளைக்கு சுவரை மூட ஜிப்சம் பலகை அடிக்க வந்துடுவாங்க. கரண்ட்டுக்கு உயரம் தெரியுமா? சட்டப்படி தப்பும் இல்லை. கண்டுக்காம விடு. வியாழக்கிழமையை வச்சுக்கிட்டு மார்லிஸ்கிட்ட போய் மாட்டிக்காதே.”

மார்லிஸ் அங்கே மேஸ்திரி, கமிட்டியிலும் ஒருத்தி. அவள் வேனின் பின்கதவில் உட்கார்ந்து, வீட்டில் கறியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்டு எடுத்து வந்த ஹாட்டிஷைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கோல்பி சொன்னதுபோல ட்ரூடி கண்டுகொள்ளாமல் விட்டிருக்கலாம். ஆனாலும் அந்த வீட்டுக்காரர்கள் காலமெல்லாம் மேலே ஒரு உயரம், கீழே ஒரு உயரமென்று தடவுவதை நினைக்க அவளுக்கு மனசு கேட்கவில்லை. போய்ச் சொல்லிவிட்டாள்.

மார்லிஸ் ஸ்பூனை வைத்தாள். “யார் சுத்தியல் உயரம்னு அவன் சொன்னானா?”

“இல்லை... நானும் கேக்கலை.”

“கோல்பி! இறங்கி வாடா! பொடிசு தப்பு பண்ணா பழக்குறவனும் சேர்ந்துதான் கழட்டணும். ரெண்டு பேரும் போய் எல்லாத்தையும் இறக்குங்க.”

“வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல!” என்று பல்லைக் கடித்துக்கொண்டே கோல்பி ஆணி பிடுங்கினான். இருட்டுவதற்குள் எல்லாம் கீழே இறங்கின. வியாழக்கிழமை என்ன சொல்லப்போகிறாள் என்று மட்டும் மார்லிஸ் வாயைத் திறக்கவில்லை.

வியாழனன்று யூனியன் ஹாலில் நீள மேஜை. நடுவில் தலைவர் லெஸ்டர், பக்கத்தில் மார்லிஸ், இன்னும் மூன்று பேர். ட்ரூடி எதிரே நின்றாள்.

“எப்படி மார்லிஸ், ஆள் தேறுவாங்களா?” என்றார் லெஸ்டர்.

“அவங்களையே கேளுங்க. திங்கக்கிழமை கதையைச் சொல்லச் சொல்லுங்க.”

போச்சு, தொலைந்தோம் என்று நினைத்தாள் ட்ரூடி. ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.  அப்புறம் லெஸ்டரின் தொப்பை குலுங்க ஆரம்பித்தது.

“இதெல்லாம் ஒரு தப்பா? நான் பொடிசா இருந்தப்போ ஒரு வீட்டு மாடிப்படி லைட்டுக்கு ஸ்விட்சை அலமாரிக்கு உள்ளே வச்சேன்!”

“நான் ஆணியை நேரா தண்ணிக்குழாய்ல இறக்குனேன். சீனியர் சட்டையோட குளிச்சாரு” என்றார் ஓரத்தில் இருந்தவர்.

“போங்கய்யா,” என்றாள் மார்லிஸ். “நான் வயர் இழுத்த வீட்டுல அழைப்பு மணியை அழுத்தினா கராஜ் கதவு திறந்துக்கும்!”

ஐந்து பேரும் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். ஒருவர் முடிக்குமுன் அடுத்தவர் ஆரம்பித்தார். எதிரே ஒருத்தி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது ஒருவருக்கும் நினைவில்லை. ட்ரூடி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துக் கடைசியில் தொண்டையைச் செருமினாள்.

“ஐயா... என் விஷயம்?”

லெஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“அது அப்பவே முடிஞ்சுபோச்சே! ஏன் இன்னும் நிக்கிறே? நாற்காலியை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு உக்காரு. நீ சொல்லு மார்லிஸ், கராஜுக்குள்ள யார் இருந்தாங்க?”

ட்ரூடி நாற்காலியை இழுத்துப் போட்டு அவர்கள் பக்கம் உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. கதை கேட்டுச் சிரித்ததால் வந்தது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.