யூட் அண்ணையின் கரண்ட் கொம்பனி

யூட் அண்ணை இன்று காலை காலமாகிவிட்டார்.

ட்ரெயினில் நிற்கும்போது அவருடைய மனைவி ஸ்டெல்லா அக்காவின் மெசேஜ் வந்தது. "இவர் போயிட்டார்." வேறொன்றும் எழுதவில்லை.

கொஞ்சக் காலமாக இதய வருத்தத்துக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தது தெரியும். ஆனாலும்...

இதை வாசிக்கிற பலருக்கு அவரைத் தெரியாது. தெரிந்த சிலர் அவரை ஏசியும் இருப்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

மன்னார்க்காரர். ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு, பிள்ளைகள் இங்கிலீஷில் படிக்கட்டும் என்று லண்டன் வந்தவர். பெரிய கரண்ட், காஸ் கொம்பனிகளுக்கு ஏஜெண்டாக, தோர்ண்டன் ஹீத்தில் இருந்து சவுத்தால் வரை தமிழ்க் கடைகளில் ஏறி இறங்கி ஆள் சேர்த்தார்.

பில்லில் பிழை வந்தால் கடைக்காரர்கள் கொம்பனிக்குப் போன் பண்ணுவார்கள். மியூசிக்தான் கேட்கும். அலுத்துப்போய் அண்ணைக்கு அடித்து ஏசுவார்கள்.

அந்த ஏச்சில் பிறந்ததுதான் அவருடைய சொந்தக் கொம்பனி.

கரண்டும் காஸும் மொத்தமாக வாங்கி வீடுகளுக்கும் கடைகளுக்கும் விற்கிற லைசென்ஸ் எடுத்தார். தோர்ண்டன் ஹீத்தில் ஒரு மரக்கறிக் கடைக்கு மேலே ஒஃபிஸ். போன் அடித்தால் ஒரு மனிதர் எடுக்க வேண்டும், தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவருடைய பிசினஸ் பிளான்.

நான் வேலை கேட்டுப் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி:

"தங்கச்சிக்குக் கோவம் வருமோ?"

"வரும் அண்ணை."

"நல்லது. போனிலை காட்டாதேங்கோ. வைச்சிட்டு வந்து எனக்குக் காட்டுங்கோ."

காட்டியிருக்கிறேன். நிறையத் தடவை. பிளேன்ரீ குடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார்.

கொம்பனி வளர்ந்தது. குரொய்டனில் பெரிய ஒஃபிஸ், லிஃப்ட், எங்கள் எல்லாருடைய கழுத்திலும் கார்ட். வெள்ளைக்காரச் சனமும் எங்களிடம் மாறி வந்தார்கள்.

பிறகு காஸ் விலை ஏறிய அந்த வருடம்...

பெரிய கொம்பனிகள் குளிர்காலத்துக்கான காஸை முன்கூட்டியே விலை பேசி வாங்கி வைத்திருந்தன. அண்ணை வாங்கவில்லை. அப்படி வாங்கினால் சனத்துக்கு விலை கூட்ட வேண்டி வரும், கொஞ்சம் பொறுத்தால் இறங்கும் என்றார். இறங்கவேயில்லை. நாடு முழுக்கச் சின்னக் கொம்பனிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. எங்களுடையதும்.

கடைசி நாள் எல்லாரையும் கூப்பிட்டார். பக்கத்தில் லோயர். தமிழிலும் இங்கிலீஷிலும் மாறி மாறிச் சொன்னார்.

"உலகத்திலை விலை ஏறினது உண்மை. ஆனா காஸ் வாங்காமல் விட்டது நான். உங்கடை ஒருத்தற்றை பிழையும் இல்லை."

இங்கிலீஷில் சொன்னபோது லோயரின் முகம் மாறியது.

யாருடைய வீட்டிலும் லைட் அணையவில்லை. கரண்ட், காஸ் கொம்பனிகளைக் கண்காணிக்கிற ரெகுலேட்டர் எங்கள் வாடிக்கையாளர் எல்லாரையும் ஒரு பெரிய கொம்பனிக்கு மாற்றிவிட்டது. ஆனால் விலை கூடியது. சேர்ச்சில் சிலர் அண்ணையோடு கதைப்பதை நிறுத்திக்கொண்டார்கள். அவர் பூசைக்கு வழமையாக இருக்கிற அதே வாங்கில்தான் வந்து இருந்தார்.

அந்தப் பெரிய கொம்பனி எங்களில் சிலரைப் போன் வேலைக்கு எடுத்தது. முதல் நாள் ட்ரெய்னிங்குக்குப் போனால்... அங்கே யூட் அண்ணை.

"அண்ணை, இங்கை என்ன செய்யிறியள்?"

"போன் எடுக்க வந்தனான்."

"உங்களுக்கு இது தேவையோ?"

"சனம் முழுக்க இங்கைதானே வந்திருக்கு, தங்கச்சி."

எனக்குக் கோபம்தான் வந்தது. தன்னைத் தானே தண்டிக்கிறாரோ என்று நினைத்தேன். இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. "மனுசன் சம்பளத்துக்குப் போகேல்லை, ஏச்சு வாங்கப் போகுது" என்று ஸ்டெல்லா அக்கா சொல்வார்.

ஒரு நாள் வால்தம்ஸ்டோவில் இருந்து ஒரு அம்மா. அண்ணைதான் எடுத்தார். பக்கத்தில் இருந்த எனக்கே அந்த அம்மாவின் குரல் கேட்டது.

"தம்பி, முந்தி யூட் எண்டு ஒருத்தன் கொம்பனி வைச்சிருந்தவன். அவனை நம்பித்தான் சேர்ந்தனாங்கள். எல்லாரையும் நடுறோட்டிலை விட்டிட்டு ஓடிட்டான்."



"ஓடேல்லை அம்மா. அந்த யூட் நான்தான்."

போன் கட்டாகிவிட்டது.

அண்ணை ஹெட்செற்றைக் கழற்றிவிட்டு ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் என் லைனில் அதே குரல்.

"பிள்ளை, அங்கை யூட் எண்டு ஒராள் வேலை செய்யிறார் எண்டது உண்மையோ?"

"ஓம் அம்மா. பக்கத்திலைதான் இருக்கிறார்."

"போன் எடுக்கிற வேலையோ?"

"ஓம்."

அந்தப் பக்கம் டிவி சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப அவரிட்டையே குடுங்கோ. என்ரை மீற்றர்ப் பிரச்சினை அவருக்குத்தான் தெரியும்."

கொடுத்தேன்.

மன்னிப்பும் இல்லை, நன்றியும் இல்லை. இரண்டு பேரும் மீற்றரைப் பற்றித்தான் கதைத்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு அந்த அம்மா எப்போது போன் பண்ணினாலும் அவரைத்தான் கேட்பார்.

இதய வருத்தம் கூடி அண்ணை வேலையை விட்ட பிறகு அவரை ஒரேயொரு தடவை கண்டேன். பஸ்ஸில். நல்ல மழை. மெலிந்து போயிருந்தார். ஜன்னலோர சீற்றில் இருந்து கையைக் காட்டினார்.

சும்மா பகிடியாகக் கேட்டேன். "அண்ணை, திரும்ப ஒரு கொம்பனி தொடங்குவீங்களோ?"

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கண்ணாடியில் படிந்த ஈரத்தைக் கையால் துடைத்து வெளியே பார்த்தார்.

"தொடங்கினா வருவீங்களோ, தங்கச்சி?"

அதற்குள் என் ஸ்டொப் வந்துவிட்டது. சனம் தள்ள இறங்கிவிட்டேன்.

வந்திருப்பன், அண்ணை.