ஐரனியும் அரளிப் பூவும்

ப்ளஸ் ஒன் சேர்ந்த வருஷம் என் நிம்மதியைக் கெடுத்தவர் எங்கள் இங்கிலீஷ் டீச்சர். பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்த எங்களுக்கு இங்கிலீஷில் அர்த்தம் புரிந்தாலே பெரிய காரியம். திருச்சூர்ப் பக்கத்திலிருந்து வந்த அவரோ, அர்த்தம் புரிந்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது என்றார். மெட்டஃபர், சிம்பல், ஐரனி என்று போர்டில் எழுதிப் போட்டார். சொல்வது ஒன்று, உள்ளே இருப்பது அதற்கு நேர் எதிர் என்றால் அது ஐரனி. "எழுதின ஆள் ஒரு வாக்கும் சும்மா வெக்கில்லா. பின்னால எந்தெங்கிலும் உண்டாவும், நோக்கணும்" என்று மலையாளமும் தமிழும் கலந்து சொல்வார். எந்தச் சொல்லுக்குப் பின்னாலும் ஏதாவது இருக்கும், தேடிப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

நோக்க ஆரம்பித்தேன். பாடப் புத்தகத்தோடு நிறுத்தியிருக்கலாம். கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் ஊர் வடகரப்பதியில் எங்கள் ஆட்கள் எதையும் நேராகச் சொல்லித் தொலைப்பதில்லை. "பாக்கலாமுங்க" என்றால் முடியாது என்று பொருள். "இப்பத்தானுங்க சாப்பிட்டேன்" என்று விருந்தாளி சொன்னால் இலை போட வேண்டும். பிறந்தது முதல் கேட்ட பேச்சுதான். ஆனால் அந்த வருஷம் யார் வாயைத் திறந்தாலும் எனக்குச் சந்தேகம் வந்தது.

அந்தச் சமயம் பார்த்து அக்காவுக்கு வரன் வந்தது. கொண்டுவந்தது அத்தை, அப்பாவின் தங்கை. மாப்பிள்ளைக்குப் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு. பெண் பார்க்க வந்தவர்கள் "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாமுங்க, உங்க புள்ளைக்கு நீங்க பாத்துச் செய்யறதுதானுங்க" என்றார்கள். ஐரனி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அவர்கள் போனதும் அப்பா அக்காவைக் கேட்டார்.

"உங்க இஷ்டமுங்கப்பா" என்றாள், தலையைத் தூக்காமல்.

எல்லோரும் சிரித்த முகமாகிவிட்டார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அப்பாவின் இஷ்டம் சரி, அவளுடைய இஷ்டம் என்ன? அம்மாவின் போனில் மாப்பிள்ளை படத்தைக் காட்டி, "எப்படிக்கா?" என்று கேட்டேன். "ஆமா, பெரிய மன்மதன்!" என்று உதட்டைச் சுழித்தாள். இதைவிட நல்ல உதாரணம் எங்கள் டீச்சருக்கே கிடைத்திருக்காது. மறுநாள் வெங்காயம் அரிந்துகொண்டே கண்ணைத் துடைத்தாள். அந்த வெங்காயத்தையும் நான் நம்பவில்லை. அக்காவைப் பிடிக்காத இடத்தில் தள்ளப் போகிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

எங்களில் வரனை உறுதி செய்யுமுன் குலதெய்வத்திடம் பூ கேட்பார்கள். வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி வாழையிலையில் கட்டிச் சாமி காலடியில் வைப்பார்கள். வீட்டின் இளைய பெண் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் பேச்சு அதோடு முடிந்தது. மிச்சப் பொட்டலத்தைப் பிரிக்காமல் கிணற்றில் போட்டுவிட வேண்டும். பிரித்தால் சாமியையே சந்தேகப்பட்டதாக ஆகிவிடும்.

இளைய பெண் நான்தான். சிவப்பு வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டே காரில் ஏறினேன். பூப் பையை அத்தை மடியிலிருந்து இறக்கவேயில்லை. "வெள்ளைதான் வரும் பாரு அம்மிணி" என்று வழியெல்லாம் சொன்னாள். எப்படி அத்தனை உறுதியாகத் தெரியும்? கோயிலில் பூசாரி கண்ணைக் காட்டியதும் கைக்கு வந்ததை எடுத்தேன். வெள்ளை. அத்தை குலவையிட்டாள்.

மற்ற பொட்டலத்தை என் கையில் கொடுத்துக் கிணற்றில் போட்டு வரச் சொன்னார்கள். கிணறு கோயிலுக்குப் பின்னால் இருந்தது. அங்கே யாரும் இல்லை. வாழைநாரை அவிழ்த்தேன். உள்ளேயும் வெள்ளரளி.

ஆத்திரத்தோடு திரும்பினால் அக்கா மூச்சிரைக்க நிற்கிறாள்.

"பிரிச்சுட்டியா?"

"ரெண்டும் வெள்ளைக்கா! அத்தை நம்மள ஏமாத்திட்டாங்க. இப்பவே அப்பாகிட்டச் சொல்றேன். உனக்கு இந்தக் கண்ணாலம் வேண்டாம்."

அக்கா பாய்ந்து என் வாயைப் பொத்தினாள்.

"அத்தை இல்லடீ. காத்தால பூப் பறிச்சுக் கட்டுனது நாந்தான்."

அவள் கையை விலக்கினேன். "புடிச்சிருக்குதுன்னா அப்பாகிட்ட நேராச் சொல்லியிருக்கலாமல்ல?"

"சொன்னனே! உங்க இஷ்டம்னு சொன்னனே. அதுக்கு மேல என்னத்தடீ சொல்லோணும்?"

"அப்பறம் எதுக்கு இது?"

"செவப்பு வந்துட்டா?" என்றாள். சொன்ன மாத்திரத்தில் உடைந்து அழுதாள். "செவப்பு வந்துட்டா நான் என்னடீ பண்ணுவேன்?"

ஊரில் ஒருவர் விடாமல் சந்தேகப்பட்டுத் திரிந்தவள் நான். சாமியைச் சந்தேகப்படும் அளவுக்கு ஒரு மனுஷன்மேல் ஆசை வைக்க முடியும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பூவைக் கிணற்றில் கொட்டி, இலையையும் நாரையும் கூடவே போட்டேன்.

"போட்டாச்சா அம்மிணி?" கோயிலுக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போட்டாச்சுங்கப்பா. பிரிக்கவே இல்லீங்க" என்றேன்.