மோட்டாரின் வாயில் கட்டிய துணி

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள்தான் இதைப் போனில் எழுதுகிறாள். அவளைப் பற்றி நல்லதாகச் சொல்லும் இடத்தில் எழுதாமல் நிறுத்துகிறாள். நான் விடுவதில்லை.

மருமகளுக்கு ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலை. அங்கே கூட வேலை செய்கிறவர்களைப் பார்த்துத்தான் அவளுக்கு இந்த ரிமோட் கார் பைத்தியம் பிடித்தது. குழந்தைகள் உருட்டுகிற கார் என்று நினைத்துவிடாதீர்கள். என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை நீளம் இருக்கும். நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு மேலே பறக்கும். நகரிக்கு வெளியே, வீடு கட்டாத மனைகளுக்கு நடுவே ஒரு தார்ரோடு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் ஓட்டுவோம். கார் கிளம்பும், நான் கண்ணைச் சிமிட்டுவேன், அது அந்தக் கோடியில் நிற்கும். ஒவ்வொரு தடவையும் கைதட்டிவிடுவேன். இந்த வயதில் எனக்கு இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று யார் நினைத்தார்கள்?

ஆனால் அந்த வேகத்துக்கு ஒரு எமன் உண்டு. சூடு. மோட்டாரின் சூடு எண்பது டிகிரியைத் தாண்டினால் உள்ளே இருக்கும் காந்தம் பலம் இழந்துவிடுமாம், அப்புறம் கம்பி கருகுமாம். போன தடவை திருப்பதியில் நடந்த பந்தயத்தில் அதுதான் ஆனது. அத்தனை பேர் முன்னால் கார் நடுரோட்டில் நின்று புகைந்தது. ஒரு மீசைக்காரர், "இன்னாக்கா, காருக்கு சாம்பிராணி போட்டியா?" என்று கேட்டுவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்துதான் அழுதாள்.

இப்போது வேறு மோட்டார் போட்டிருந்தாள். திரும்பவும் அதே திருப்பதியில் பந்தயம். கிளம்புவதற்கு முதல்நாள் என்னிடம் சொன்னாள்: "இதுவும் கருகிச்சின்னா காரைத் தூக்கிப் பரண்மேல போட்டுடுவேன் அத்தே. அப்புறம் தொடவே மாட்டேன்."

சொன்னால் செய்கிறவள். அந்தக் கார் வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டேன்.

சூடு ஏறாமல் இருக்க அவள் என்னென்னவோ செய்திருந்தாள். மோட்டாரின் நுனியில் இருக்கும் பல்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, இரண்டு பல் குறைவான சின்னச் சக்கரம் மாட்டினாள். பெரிய சக்கரம் வேகம் கொடுக்கும், ஆனால் மோட்டாருக்கு மூச்சு வாங்கும் என்றாள். மோட்டாரைச் சுற்றி வரிவரியாக ஒரு அலுமினியச் சட்டை. அதன் தலையில் பிஸ்கட் அளவு ஒரு ஃபேன். வீட்டுப் பக்கம் ஓட்டியபோது சூடு அறுபதைத் தாண்டவில்லை. துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டினால் அது எண்ணைக் காட்டும். எழுத்துதான் தெரியாதே தவிர எண் எனக்குத் தெரியும்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

முப்பது வருஷம் பவர்லூம் ஷெட்டில் வேலை செய்தவள் நான். தறி ஓடினால் பஞ்சு பறக்கும். பறக்கிற பஞ்செல்லாம் மோட்டாரின் ஃபேன் வாய்க்குள் போய் அடைத்துக்கொள்ளும். அதனால் எங்கள் ஷெட்டில் ஒவ்வொரு மோட்டாரின் வாயிலும் மெல்லிய பழந்துணி ஒன்றைக் கட்டிவிடுவோம். ஆயுதபூஜைக்கு மோட்டாருக்குப் பொட்டு வைக்க மறந்தாலும் மறப்போம், துணி கட்ட மறக்க மாட்டோம். பந்தயத்தன்று விடியற்காலை மருமகள் குளிக்கப் போயிருந்தபோது காரின் மேல்மூடியைத் திறந்து பார்த்தேன். அந்தக் குட்டி ஃபேனில் செம்மண் படிந்திருந்தது. ஐயோ, திருப்பதி மைதானத்துப் பக்கம் இதைவிடத் தூசி ஆயிற்றே! என் பழைய மெல்லிய நூல் புடவையில் உள்ளங்கை அளவு கிழித்து, ஃபேன் வாயில் வைத்து நூலால் கட்டி, மூடியை மூடினேன். அவளிடம் சொல்லவில்லை. அவள் கவலையில் ஒன்றையாவது குறைத்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

பேத்தியை அவள் அப்பனிடம் விட்டுவிட்டு நகரியில் ரயில் ஏறினோம். அட்டைப்பெட்டி என் மடியில். எதிரில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த பெண் கேட்டாள்:

"பொட்டில இன்னா ஆயா?"

"பேத்தி பொம்மைம்மா," என்றேன். உண்மையைச் சொல்லப் பயம். போன தடவை இதே ரயிலில் வாய் கிழியப் பெருமை பேசிக்கொண்டு போனவள் நான்தான். கட்டிக்கொண்டு வந்த புளிசோற்றைக்கூட இந்தத் தடவை நான் பிரிக்கவில்லை. சோறு எனக்கு இறங்காத நாள் ரொம்பக் குறைவு.

மைதானத்தை ஒட்டிப் புதிதாகப் போட்ட நேர்ரோடு. ஓரமெல்லாம் செம்மண். பெயர் எழுதுகிறவர் என்னைப் பார்த்து, ஓட்டப் போவது பாட்டிதானா என்று தெலுங்கில் கேலியாக, "அவ்வா, டிரைவர் மீரேனா?" என்றார்.

"நேனு ஓனர்," என்றேன். மருமகள் சிரிக்கவில்லை.

ஒவ்வொரு காருக்கும் மூன்று ஓட்டம். மூன்றில் எது வேகமோ அதுதான் கணக்கு. முதல் ஓட்டம் முடிந்ததும் மூடியின் பின்பக்க ஓட்டை வழியாகவே துப்பாக்கியை நீட்டினாள். எழுபத்து நாலு.

"இன்னா அத்தே இது? சின்னச் சக்கரம்தானே போட்டேன்?"

"வெயில் ஜாஸ்திம்மா," என்றேன். அப்போதும் எனக்குப் புரியவில்லை. ரோட்டில் எழும்பிய தூசியைப் பார்த்து, நல்லவேளை துணி கட்டினோம் என்றுதான் மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

இரண்டாவது ஓட்டம். பாதி தூரத்திலேயே அவள் வேகத்தைக் குறைத்துவிட்டாள். கார் தள்ளாடிக்கொண்டு எங்களிடம் வந்தது. எண்பத்து ரெண்டு. கூடவே ஒரு வாசனை. தறி மோட்டாருக்குள் சுற்றிய கம்பி தீயப் போகும்போது முதலில் வருமே, அந்த வார்னிஷ் வாசனை. தூக்கத்தில் வந்தால்கூட எழுந்துவிடுவேன். மீசைக்காரர் தூரத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

மருமகள் ரிமோட்டைக் கீழே வைத்தாள். "போதும் அத்தே. வீட்டுக்குப் போலாம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஷெட்டில் அந்தத் துணியை மத்தியானத்துக்குள் ஒருதரம் அவிழ்த்து உதறுவோம். மறந்தால் மேஸ்திரி கத்துவார்: "மூக்கைப் பொத்திக்கினு உன்னை ஓடச் சொன்னா ஓடுவியா?" அது பெரிய மோட்டார், தாங்கும். இது என் கட்டைவிரல் நீளம்தான்.

மூடியைத் திறக்க அவள் கை போனது. நான் பிடித்துக்கொண்டேன்.

"நான்தாம்மா தப்பு பண்ணிட்டேன். ஃபேன் வாயில துணி கட்டிக்கீறேன்."

"இன்னாது?"

"தூசி போவக் கூடாதுன்னு... ஷெட்ல கட்டுவோமில்ல, அந்த மாதிரி."

திறந்தாள். துணி செம்மண் அப்பி ரொட்டி மாதிரி விறைத்திருந்தது. அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஏன் அத்தே, காருக்கு ஒரு ஜாக்கெட்டும் தச்சிப் போட்டிருக்கலாமே!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லி நூலை அறுத்தாள். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். கையைத் தட்டிவிட்டாள். "ஊத்தாதே! வயரு கீது!"

அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து விசிற ஆரம்பித்தேன். விசிறினேன், விசிறினேன், தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. நடுநடுவே மோட்டார்மேல் விரலை வைத்து எண்ணிப் பார்த்தேன். ஷெட்டில் எங்களுக்கு அதுதான் தெர்மாமீட்டர். முதலில் ஒன்று எண்ணுவதற்குள் சுட்டது. அப்புறம் மூன்று. எங்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லாம் ஓட்டிவிட்டார்கள். எங்கள் நம்பரைக் கூப்பிட்டபோது என்னால் பத்து வரை எண்ண முடிந்தது.

"போடும்மா," என்றேன்.

"வாசனை வந்திடுச்சே அத்தே. உள்ள இன்னா ஆச்சோ."

"வாசனை வந்து பிழைச்ச மோட்டாரு எத்தனையோ நான் பாத்துக்கீறேன். போடு."

சொல்லிவிட்டேனே தவிர எனக்கு உயிரே இல்லை. கார் கிளம்பியது. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் கைதட்டவில்லை. சத்தத்தை மட்டும் கேட்டேன். கீச்சென்று சீராக, பிசிறில்லாமல் போய்த் திரும்பியது. அவள் துப்பாக்கியை நீட்டினாள். என்னைப் பார்க்கச் சொன்னாள்.

அறுபத்து மூணு.

பரிசெல்லாம் வரவில்லை. ஆறாவது இடம். மீசைக்காரரின் கார் எட்டாவது. நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை, சும்மா ஒருதரம் அவர் காரை முகர்ந்து பார்த்துவிட்டு வந்தேன்.

திரும்பி வரும் ரயிலில் புளிசோற்றைப் பிரித்தோம். "பரண்ல இடம் இல்லியே அத்தே, இன்னா பண்றது?" என்று வாயில் சோற்றோடு கேட்டாள். அந்தச் செம்மண் துணியைப் பெட்டிக்குக் கொடி மாதிரி கட்டி வைத்திருந்தாள், என்னைக் கேலி செய்ய. பக்கத்தில் இருந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, பெட்டியில் என்ன என்றார்.

"காருப்பா," என்றேன். "மோட்டாரு நல்லா கீது."