பூங்காவுக்கு இன்னொரு வாசல்

நூற்பாலையில் வேலை பார்க்கும் இன்னாசியம்மாள் வார்டுக் கூட்டத்துக்குப் போனது வேடிக்கை பார்க்கத்தான். திண்டுக்கல்லில் அவள் குடியிருக்கும் காலனியை ஒட்டிப் புதிதாகப் பூங்கா கட்டிக்கொண்டிருந்தார்கள். வாசல் மெயின் ரோட்டுப் பக்கம். காலனிப் பக்கம் முழுக்கச் சுவர். ஏன் இப்படி என்று அவளுக்குப் பல நாளாகவே குறுகுறுப்பு. எழுந்து கேட்டே விட்டாள்.

"ஏன் சார், இம்புட்டு சனம் இந்தப் பக்கம் இருக்கோம். வாசல மட்டும் எதுக்கு அந்தப் பக்கம் வச்சீக?"

பூங்கா வேலையைக் கவனிக்கும் இன்ஜினியர் அவள் பக்கம் திரும்பினார். "இதுவரைக்கும் யாரும் கேக்கலையேம்மா."

"இப்ப நான் கேக்குறேன்ல?"

கூட்டம் சிரித்தது. காலனிப் பக்கமும் வாசல் வேண்டுபவர்கள் கை தூக்குங்கள் என்றார் கவுன்சிலர். காலனியே கை தூக்கியது. அடுத்த மாதம் சுவரை இடித்துக் கேட் மாட்டினார்கள்.

இப்போது அடுத்த கூட்டம் எப்போது என்று இன்னாசியம்மாள் விசாரித்துக்கொண்டிருக்கிறாள். பஸ் நிறுத்தத்தில் நிழற்குடை ஏன் இல்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டுமாம்.